வெள்ளையனுக்கு இரண்டு நேர ஊசி

பூனைக்கும் சீனி வருமோ என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. வரும். நாய்க்கும் வரும். பூனைக்கு வருவது பெரும்பாலும் எங்களுக்கு நடுவயதில் வருகின்ற வகையைப் போன்றது. உடம்பு பருத்து, ஓடியாடுவது குறைந்து, இன்சுலின் சுரந்தாலும் அது உடலில் ஒழுங்காக வேலை செய்யாத நிலை அது. கருத்தடை செய்த, வயதேறிய கடுவன்களுக்குக் கூடுதலாக வரும். தோல் கடிக்கென்று அடிக்கடி போடும் ஸ்டீரொயிட் ஊசியும், குட்டி போடாமல் இருக்கப் பெண் பூனைகளுக்குப் போடும் ஹோமோன் ஊசியும் அதற்கு வழி திறந்துவிடக்கூடியவை.

“சீனி போட்ட பால் குடுத்தனீங்களோ?” என்பது அடுத்த கேள்வி. பூனைக்கு இனிப்புத் தெரியாது. இனிப்பை உணர வேண்டிய மரபணு பூனை இனத்தில் செயலற்றுக் கிடக்கிறது என்பதை 2005ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். இதைச் சொன்னபோது எங்கள் மீன்காரர், “அப்ப எங்களிலும் பார்க்கக் குடுத்து வைச்சது” என்றார்.

எங்கள் வெள்ளையனுக்கு 2021ஆம் ஆண்டின் கடைசியில் 11 வயது. கிணற்றடி வாளி, பூச்சாடித் தட்டு என்று எங்கே தண்ணீர் கண்டாலும் குடித்தான். அவன் மூத்திரம் பெய்த மணலில் எறும்பு மொய்த்தது. வயிறு நிறையத் தின்றும் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. பின்னங்கால்களின் குதி நிலத்தில் பட, முயலைப் போல நடக்கத் தொடங்கினான். அது முதுமையல்ல, சீனியால் நரம்பு தளர்ந்ததன் அடையாளம் என்று மிருக வைத்தியர் விளக்கினார். ஆனால் ஒரு தடவை குருதியைப் பார்த்து அவர் முடிவு சொல்லவில்லை. பயந்த பூனைக்கு நோயில்லாமலே சீனி ஏறும். சாதாரணமாக 80க்கும் 120க்கும் இடையில் இருப்பது, கூடையில் அடைத்துக் கொண்டு போன பதற்றத்திலேயே 300ஐத் தொடலாம். சிறுநீரையும் பார்த்து, வீட்டில் அவன் ஆறுதலாக இருக்கும்போது எடுத்த அளவையும் கேட்ட பிறகே ஊசியை எழுதித் தந்தார்.

காலை 6 மணி, மாலை 6 மணி. பன்னிரண்டு மணித்தியால இடைவெளி. ஊசி பெரிய வேலையல்ல. அவன் சாப்பிடும்போது விலாப்புறத் தோலை மெல்லத் தூக்கி ஏற்றினால் திரும்பியும் பார்க்க மாட்டான். பாரம் அந்த மணிக்கூடுதான். கலியாண வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா எல்லாமே மாலை ஆறு மணிக்குத்தான் நடக்கின்றன என்பதை அந்த மாதங்களில்தான் கவனித்தேன். வீட்டில் யாருக்கு வருத்தம் வந்தாலும் மணிக்கூடு ஒரு பெண்ணின் கழுத்தில்தான் கட்டப்படுகிறது. பூனையென்றாலும் அப்படித்தான்.

பக்கத்து வீட்டு அக்கா இளைப்பாறிய தாதி. தானே இரண்டு நேரமும் இன்சுலின் போடுகிறவர். அவர் தாமாகத்தான் வந்தார். “பிள்ளை, நான் எனக்குப் போடேக்கை அவனுக்கும் போட்டுவிட்டால் என்ன குறைஞ்சு போவன்?” என்று கேட்டார். சிறிஞ்ச் விடயத்தில் முதலில் கண்டிப்பாக இருந்தவரும் அவர்தான். இன்சுலினில் மில்லிலீற்றருக்கு 100 அலகு உள்ளதும் உண்டு, 40 அலகு உள்ளதும் உண்டு. மருந்திலுள்ள எண்ணும் சிறிஞ்சிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகலாம். ஓர் அலகு, இரண்டு அலகு என்று வாழும் உயிருக்கு அது போதும், கதை முடிந்துவிடும்.

முன்வீட்டுப் பிள்ளை அந்த வருடம் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தாள். காது ஓரத்தில் குத்தித் துளிக் குருதி எடுப்பதை எங்கள் இருவரையும்விட அவள் சுத்தமாகச் செய்வாள். காதை முதலில் உள்ளங்கையால் சூடாக்க வேண்டும், பின்னால் பஞ்சு பிடிக்க வேண்டும். அக்காவின் கருவியையே பாவித்தோம். மனிதருக்கான கருவி பூனையில் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பதால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கும்படியே வைத்தியர் சொன்னார். ஸ்ட்ரிப் விலை கைகடித்ததால் தினமும் பார்க்கவில்லை.

மூன்று பேர் கைபட்டால் வரும் ஆபத்து, ஒரே மருந்தை இருவர் போட்டுவிடுவது. அதற்காகக் கலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கட்டமிட்டுக் குசினிச் சுவரில் ஒட்டினோம். போட்டவர் அங்கேயே கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லை, ஆனால் போட்டிருக்கலாம் என்று சந்தேகமா? போடக்கூடாது. ஒரு நேரம் தவறினால் சீனி கொஞ்சம் ஏறும், இரண்டு தரம் போட்டால் உயிர் போகும். சாப்பிடாவிட்டாலும், சத்தி எடுத்தாலும் ஊசிக்கு முன் வைத்தியருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும்.

சாப்பாட்டிலும் மாற்றம் வந்தது. சோறும் மீன்குழம்பும் தின்று வளர்ந்தவன் அவன். பூனையின் உடல் இறைச்சிக்காக அமைந்தது, மாச்சத்தைச் சமாளிக்கும் வல்லமை அதற்குக் குறைவு. குழம்பிலுள்ள வெங்காயமும் உள்ளியும் அதன் செங்குருதிக் கலங்களை அழிக்கக்கூடியவை என்பதையும் அப்போதுதான் கேள்விப்பட்டோம். அவித்த கோழி, முட்டை, சூடை மீன், இடைக்கிடை சிறிது ஈரல் என்று மாற்றினோம். அவித்த தண்ணீரையும் சேர்த்தே வைத்தோம். பூனைக்குக் கட்டாயம் வேண்டிய தோரின் என்ற சத்து அதில் இறங்கிவிடும். மீன்காரர் சில்லறை மீனைப் பொதி செய்து படலையில் கொளுவிவிட்டுப் போவார். காசு மாத முடிவில்தான்.

2022ஆம் ஆண்டு பிறந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரியாகிவிட்டது. அக்கா ஒரு மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பித் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் மூடி, காற்றுப்படும் நிழலில் வைத்தார். அவருடைய மருந்தும் வெள்ளையனுடைய மருந்தும் அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அந்த நாட்களில்தான் ஒருவர் படலையில் நின்று கேட்டார்: “மனிசருக்கே மருந்தில்லை. பூனைக்கோ இன்சுலின்?” நான் கோபப்படவில்லை. நியாயமான கேள்வி. கிளினிக்கில் கொடுக்கும் மருந்தை நாங்கள் ஒருநாளும் தொட்டதில்லை. 300 அலகு கொண்ட சின்னக் காட்றிஜைப் பாமசியில் காசு கொடுத்து வாங்கினோம். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் கிடந்தது. பதில் சொன்னவர் அக்கா. “ஒரு நாளைக்கு நான் போடுறது 36 அலகு. அவன்ரை நாலு அலகாலை என்ரை உயிர் போகாது. உங்களுக்கு வேணுமெண்டால் என்னட்டைக் கேளுங்கோ” என்றார். வந்தவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரலில் வவுனியாவில் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. பத்து நாள் நான் அங்கே நிற்கவேண்டி இருந்தது. மூவருக்குமான அட்டவணை அன்று இருவருக்கானதாயிற்று. ஆறாம் நாள் இரவு, மின்சாரம் இல்லாத நேரம், முன்வீட்டுப் பிள்ளை டோர்ச் லைற்றோடு பார்க்க வந்தபோது வெள்ளையன் வெறிகாரனைப் போல் தள்ளாடிச் சுவரில் தலை முட்டிக்கொண்டு நின்றானாம். சீனி இறங்கிவிட்டது. உணவு மாறியதாலும் உடல் தேறி வந்ததாலும் அவனுக்குத் தேவையான இன்சுலினே குறைந்திருந்தது. பூனைகளில் இப்படி நடப்பதுண்டு. அவள் கத்தவில்லை, ஓடவில்லை. நாங்கள் சுவரில் எழுதி வைத்திருந்தபடி சீனிப்பாகைத் தொட்டு முரசில் தேய்த்தாள். வாய்க்குள் ஊற்றவில்லை, புரையேறும். சற்று நிதானம் வந்ததும் கோழியிறைச்சி வைத்தாள். பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டாள். அன்றிரவு இருவரும் மாறி மாறி விழித்திருந்தார்கள். காலையில் வைத்தியர் அளவைப் பாதியாக்கினார். எனக்குச் செய்தி சொன்னது எல்லாம் முடிந்த பிறகு. “முதலே சொன்னால் நீங்கள் பேரப்பிள்ளையை விட்டிட்டு பஸ் ஏறியிருப்பியள்” என்றாள் அந்தப் பிள்ளை.

ஜூன் மாதமளவில் ஊசியே தேவைப்படவில்லை. நேரத்தோடு தொடங்கிக் கட்டுப்படுத்தினால் சில பூனைகளுக்கு இந்த விடுதலை கிடைக்கும். எல்லாவற்றுக்கும் அல்ல, என்றைக்கும் அல்ல. வெள்ளையனுக்கு 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திரும்பவும் வந்தது, பழைய தாளைத் திரும்பவும் ஒட்டினோம். 2024இல் சிறுநீரகம் பழுதாகி, 14ஆம் வயதில், பலா மரத்தடியில் போய்ச் சேர்ந்தான். அமெரிக்காவில் 2022 டிசம்பரிலும் 2023இலும் பூனைகளுக்கென்று வாய்வழி மருந்துகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். முன்பு இன்சுலின் போட்ட பூனைகளுக்கு அவை பொருந்தா, வைத்தியரின் நெருங்கிய கண்காணிப்பும் வேண்டும். இங்கே எங்களுக்குக் கைவசம் இருந்தது ஊசியும் அந்தத் தாளும்தான்.

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. கோயிலடியில் ஒரு வீட்டுப் பெண் பூனை இரண்டு கிழமையாக வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறதாம். வீட்டுக்காரி கைப்பிள்ளைக்காரி, ஊசியென்றால் பயமாம். மிருக வைத்தியரிடம் முதலில் காட்டச் சொல்லியிருக்கிறோம். சனிக்கிழமை அக்காவும் நானும் அங்கே போகிறோம். மணல் போட்ட பானையையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறா அக்கா.