சர்வதேசப் பெயர் உண்டு, வெளிநாட்டு விமானம் இல்லை: சென்னையை நம்பும் திருப்பதி

புது தில்லி: திருப்பதியை அடுத்த ரேணிகுண்டா விமான நிலையத்துக்கும் குவைத்துக்கும் இடையிலான வான்வழித் தொலைவு சுமார் 3,680 கி.மீ. சென்னையில் இருந்து கணக்கிட்டால் இது ஏறத்தாழ 3,770 கி.மீ. ஆயினும், சித்தூர், கடப்பை வட்டாரங்களில் இருந்து குவைத்துக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளர்கள், அருகில் உள்ள ரேணிகுண்டாவை விடுத்து, சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்று விமானம் ஏற வேண்டியுள்ளது.

ரேணிகுண்டாவில் புதிய முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2015 அக்டோபர் 22-ம் தேதி திறந்து வைத்தார். சர்வதேச விமான நிலையம் என்ற தகுதியும் கிடைத்தது. ஆனால், வழக்கமான வெளிநாட்டு விமான சேவை மட்டும் வரவில்லை.

ராஜம்பேட்டையில் இருந்து ரேணிகுண்டா 100 கி.மீ.க்கு உட்பட்ட தொலைவில் உள்ளது. சென்னை விமான நிலையமோ 200 கி.மீ.க்கும் அப்பால். குவைத்துக்கு வானில் பறக்கும் நேரம் சுமார் 5 மணி. வாடகைக் காரில் சென்னை வந்து, சோதனைகளுக்காகச் சில மணி நேரம் முன்னதாகவே காத்திருப்பதையும் சேர்த்தால், தரையில் கழியும் நேரம் அதைவிடக் குறைவல்ல.

தடை எங்கே?

வெளிநாட்டு நிறுவனங்கள், இரு நாட்டு ஒப்பந்தத்தில் இடம்பெற்ற நகரங்களுக்கு மட்டுமே விமானங்களை இயக்க முடியும். பெருநகரம் அல்லாத ஊர்களைப் புதிதாகச் சேர்க்க மத்திய அரசு தயங்குகிறது. 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட கேரளத்தின் கண்ணூர் விமான நிலையம் இதே சிக்கலைச் சந்தித்தது.

இந்திய நிறுவனங்களுக்கு இத் தடை இல்லை. குவைத்துடனான வாராந்திர இருக்கை வரம்பும் 2025 ஜூலையில் 12,000-லிருந்து 18,000 ஆக உயர்த்தப்பட்டது. எனவே, இடமில்லை என்ற காரணமும் எடுபடாது. ஆனால், எங்கிருந்து விமானம் இயக்குவது என்பது நிறுவனங்களின் வணிக முடிவு என்பதே நாடாளுமன்றத்தில் அரசு வழக்கமாக அளிக்கும் பதில். ராயலசீமைப் பயணி எப்படியும் சென்னைக்கு வந்துவிடுவார் என்ற நிலையில், திருப்பதிக்குத் தனி விமானம் இயக்க நிறுவனங்களுக்கு அவசரம் இல்லை.

முன்னுதாரணம்

இதற்கு ஆந்திரத்திலேயே ஒரு வழி காட்டப்பட்டது. 2018 டிசம்பரில் விஜயவாடா - சிங்கப்பூர் இடையே இண்டிகோ விமானம் இயக்கப்பட்டபோது, இழப்பை ஈடுகட்டும் பொறுப்பை சந்திரபாபு நாயுடு அரசு ஏற்றது. 2019-ல் ஆட்சி மாறியதும் அச் சேவை நின்றது. அரசின் உத்தரவாதம் விமானத்தைக் கொண்டு வரும். பயணிகள் எண்ணிக்கைதான் அதை நிலைநிறுத்தும் என்பது இதன் பாடம். குவைத் வழித்தடத்துக்கோ பயணிகளைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

அரசியல் சூழலும் சாதகமாகவே உள்ளது. 2024 ஜூனில் நாயுடு மீண்டும் முதல்வரானார். அதே மாதத்தில் விமானப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பை தெலுங்கு தேசத்தின் ராம்மோகன் நாயுடு ஏற்றார். சித்தூர் எம்.பி. தக்குமல்ல பிரசாத ராவ் அதே கட்சியைச் சேர்ந்தவர். திருப்பதி எம்.பி. குருமூர்த்தி, எதிர்த்தரப்பான ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸைச் சேர்ந்தவர் என்றாலும், இக் கோரிக்கையில் கட்சி பேதத்துக்கு இடமில்லை.

முதல்வரின் தொகுதியான குப்பத்தில் புதிய விமான நிலையம் அமைக்கும் யோசனையும் உள்ளது. அங்கிருந்து பெங்களூரு விமான நிலையம் வான்வழியில் 85 கி.மீ. அளவே. புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு முன், கட்டி முடித்த ரேணிகுண்டாவுக்கு வாரம் இரு குவைத் விமானங்களையாவது கொண்டு வருவது எளிது. வேலூர், திருத்தணி வட்டாரத் தமிழகப் பயணிகளுக்கும் அது பயன் தரும்.