குடிசை என்று எழுதாதீர்!

ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே வளர்ந்த வீட்டைப் பற்றி எழுதும் நம்மவர், 'ஆன் ஹாத்தவேயின் குடிசை' என்று எழுதிவிடுகின்றனர். கேட்டால், 'காட்டேஜ் என்றால் குடிசைதானே?' என்று அகராதியை நீட்டுகின்றனர். தமிழாசிரியன் என்ற முறையில் இதை வன்மையாக மறுக்கிறேன்.

அன்பர்களே, இங்கிலாந்தின் ஸ்ட்ராட்பர்டு நகரை அடுத்த ஷாட்டரி என்னும் சிற்றூரில் உள்ளது அவ்வீடு. அதன் மிகப் பழைய பகுதி 15ஆம் நூற்றாண்டினது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அது நியூலாண்ட்ஸ் பண்ணை. 90 ஏக்கருக்கும் மிகுந்த நிலமுடைய உழவர் குடும்பத்தின் இல்லம். 'காட்டேஜ்' என்பது பிற்காலத்தார் இட்ட பெயர். பன்னிரண்டு அறைகள் கொண்ட வீடு குடிசையாகுமா?

அதன் கட்டுமானத்தையும் சற்று நோக்குங்கள். வளைந்த ஓக் மரங்களை இணையிணையாக நிறுத்தி, உச்சியில் ஒன்றுசேர்த்துச் சட்டம் அமைத்தனர். ஒரு மரத்தில் துளையிட்டு, மற்றொன்றின் முனையைச் செருகி, மரமுளை அடித்து இறுக்கினர். கூரையின் பாரத்தைத் தாங்குவது இச்சட்டமே, சுவர் அன்று. சட்டத்தின் இடைவெளிகளைக் குச்சிகளால் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணைப் பூசி அடைப்பது அக்கால வழக்கம். வேய்ந்த கூரை மிகவும் சரிவாக இருப்பதால் மழைநீர் தங்காது வழிந்தோடும். நீண்ட இறவாரம் சுவரை நனையாமல் காக்கும். இவை அறியாமையில் எழுந்த வேலைகளா?

'மண்ணும் வைக்கோலும் உறுதியற்றவை, சிமெண்டே உறுதி' என்பாரும் உளர். இத்தகைய பழைய வீடுகளுக்குச் சிமெண்டு பூசியவர்கள் கண்ட பலன் என்ன? வெளியேற வழியின்றி ஈரம் உள்ளே தங்கியது, மரம் உளுத்தது. களிமண்ணும் சுண்ணச்சாந்துமோ ஈரத்தை வெளியேறவிட்டு மரத்தைக் காத்தன.

'தீப்பிடிக்குமே?' எனில், உண்மைதான். 1969இல் அவ்வீடும் தீக்கு இரையாகிப் பெருஞ்சேதமுற்றது. ஆயினும், 1892இல் அதனை வாங்கிப் பேணிவரும் அறக்கட்டளையினர் 'கூரைதானே' என்று கைவிட்டனரா? இல்லை, பழைய வடிவிலேயே மீட்டெடுத்தனர். அதன் மதிப்பை அவர்கள் அறிந்திருந்தனர்.

குடிசை என்றதும் நம் பிள்ளைகளின் மனத்தில் தோன்றுவது வறுமை. அச்சொல்லைப் படித்து வளரும் பிள்ளை, வேய்ந்த கூரையைக் கண்டாலே இடிக்கத் தக்கது என்று எண்ணாதா? 'கூரைவீடு' என்ற நல்ல தமிழ்ச்சொல் நம்மிடம் உண்டு. ஆசிரியப் பெருமக்களே, இனியேனும் அதனை எழுதுங்கள், எழுதக் கற்பியுங்கள்.