லோராவைச் சேர்த்தால் ஜி.பி.எஸ். ஏன் நிற்கிறது?

கேள்வி: "வேம்பூர் செம்மறிகளுக்காக, கல்லூரியில் படிக்கும் மகன் ஆர்டுயினோ ஊனோ போர்டு வைத்துக் கழுத்துப்பட்டை செய்திருக்கிறான். ஜி.பி.எஸ். தனியாக இருந்தால் இடம் காட்டுகிறது. லோரா ரேடியோவைச் சேர்த்ததும் இடம் வருவதில்லை. சில நேரம் பழைய இடத்தையே காட்டுகிறது. புது ஜி.பி.எஸ். வாங்க வேண்டுமா?"
- வாசகர், ஓட்டப்பிடாரம்.

பதில்: வாங்க வேண்டாம். தனியாக இடம் காட்டுகிறது என்றால் ஜி.பி.எஸ். நன்றாகவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்த விதத்தில்தான் கோளாறு. கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

மின்சாரம்: லோரா முழுத் திறனில் அனுப்பும்போது சுமார் 120 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஊனோவின் 3.3 வோல்ட் பின் தருவதோ 50 மில்லி ஆம்பியர்தான். அதிலேயே ஜி.பி.எஸ்.ஸும் இருந்தால், வோல்டேஜ் இறங்கி அது அணைந்துவிடும். பிறகு செயற்கைக்கோளை மறுபடி தேட வேண்டும். லோராவுக்குத் தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டர் வையுங்கள். மைனஸ் ஒயர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும். ஊனோவின் 5 வோல்ட் சிக்னல் லோராவைக் கெடுத்துவிடும் என்பதால், இடையில் லெவல் கன்வெர்ட்டர் அவசியம்.

பின்கள்: லோரா வழக்கமாக 2, 9, 10, 11, 12, 13 ஆகிய பின்களை எடுத்துக்கொள்ளும். ஜி.பி.எஸ்.ஸை 3, 4-ல் இணையுங்கள்.

நேரம்: பலர் கவனிக்காதது இதுதான். ஜி.பி.எஸ். நொடிக்கு 960 எழுத்து வேகத்தில் பேசும். ஊனோ சேர்த்து வைப்பது 64 எழுத்துதான். லோராவில் ஸ்பிரெடிங் ஃபாக்டர் 12 என்று வைத்தால், 20 எழுத்துச் செய்தி போய்ச்சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதுவரை ஊனோ ஜி.பி.எஸ்.ஸைப் படிப்பதில்லை, மிச்சமெல்லாம் சிந்திப்போகும். ஓயாமல் அனுப்பினால் இடம் எப்படிக் கிடைக்கும்? முதலில் இடத்தை முழுதாகப் படித்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். புரோகிராமில் நீண்ட 'டிலே' இருந்தாலும் இதே தொல்லைதான்.

ஆன்டெனா: ஜி.பி.எஸ்.ஸின் பீங்கான் சில்லு வானம் பார்த்து இருக்க வேண்டும். பேட்டரியைத் தொண்டைப் பக்கம் தொங்கவிட்டால், அந்தக் கனத்தில் சில்லு மேலேயே நிற்கும். லோரா ஆன்டெனாவைத் தள்ளி வையுங்கள். ஆன்டெனா மாட்டாமல் ரேடியோவை இயக்கவே கூடாது. அலைவரிசை 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸுக்குள் இருந்தால் இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை.

பழைய இடம்: புது இடம் கிடைக்காதபோது, கடைசியாகப் படித்ததையே புரோகிராம் திரும்ப அனுப்பும். ஆடு மக்காச்சோளக் காட்டில் இருக்க, தேடுகிறவர் ஓடைக்குப் போவார். எனவே இடத்தோடு, அது எத்தனை நொடிக்கு முன் கிடைத்தது என்பதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். டைனிஜிபிஎஸ் பிளஸ் லைப்ரரியில் இதற்கு 'ஏஜ்' என்ற வசதி உண்டு.

முதலில் பட்டையைக் கையில் பிடித்து வெட்டவெளியில் நடந்து பாருங்கள். பிறகு ஒரே ஓர் ஆட்டுக்குக் கட்டி, சில நாள் பாருங்கள். அதுவரை மந்தைக்குக் காவல் மேய்ப்பவரின் கண்தான்.