ராஜிப் பணமும் வருமான வரியும்

அலிபிரி என்றதும் திருமலைக்குப் படியேறும் பக்தர்களின் நினைவுதான் எவருக்கும் வரும். அந்த அடிவாரத்தையும் திருப்பதி நகரையும் நம்பிப் பிழைக்கும் உழைப்பாளிகளின் நினைவு வருவது அபூர்வம். விடுதிகளில் அறை துடைப்பவர்கள், கடைகளில் நாள் முழுதும் நிற்பவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறுபவர்கள் என இவர்களில் பெண்கள் ஏராளம். தமிழ்ப் பெண்களும் உண்டு. வேலை செய்யும் இடத்தில் மேலதிகாரி வரம்பு மீறினால் என்ன செய்வது என்பது இவர்களுக்கு வெறும் ஏட்டுப் பிரச்னை அல்ல.

1997 ஆகஸ்ட் 13ந் தேதி விசாகா வழக்கில் சுப்ரீம் கோர்ட் வழிமுறைகளை வகுத்தது. அவற்றைச் சட்டமாக்கப் பார்லிமெண்டுக்குப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன. 2013ம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனத்தில் உள் புகார்க் கமிட்டி இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவான இடமானாலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்டக் கமிட்டியிடம் போகலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதால், அலிபிரிக் கடையில் வேலை செய்யும் பெண் இதற்காகச் சித்தூருக்கு அலைய வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் அவகாசம் உண்டு.

ஆனால் நடைமுறையில் பல விவகாரங்கள் கமிட்டி வரை வருவதில்லை. ஒரு கையில் பணம், மறு கையில் ராஜிநாமாக் கடிதம், "வெளியே பேசுவதில்லை" என்று ஓர் எழுத்து என்று முடித்துவிடப் பார்க்கிறார்கள். இத்தகைய பேரத்துக்கு இடமிருக்கக் கூடாது என்றே சட்டத்தின் 10வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பாதிக்கப்பட்ட பெண் தாமாகக் கேட்டால் மட்டுமே விசாரணைக்கு முன் கமிட்டி சமரசம் செய்யலாம், அந்தச் சமரசத்துக்குப் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது. பெண்ணின் மானத்துக்கு விலை நிர்ணயிக்கும் சந்தையாகக் கமிட்டி மாறிவிடக் கூடாதல்லவா?

இதனால் நஷ்ட ஈடே கிடையாது என்று கொள்வது தவறு. விசாரணையில் குற்றம் மெய்ப்பட்டால், குற்றவாளியின் சம்பளத்தில் பிடித்துப் பெண்ணுக்குக் கொடுக்கக் கமிட்டி சிபார்சு செய்யலாம். அவன் வேலையை விட்டுப் போய்விட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கவும் வழியுண்டு. மன வேதனை, உத்தியோக வாய்ப்பில் நேர்ந்த இழப்பு, வைத்தியச் செலவு, குற்றவாளியின் வருமானம், ஒரே தொகையாகவா தவணையாகவா என்ற ஐந்தையும் கருதித் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்கிறது 15வது பிரிவு.

அளவுகோல் இருந்தும் தொகை எப்படி ஊசலாடும் என்பதற்குச் சென்னையில் ஒரு வழக்கு உதாரணம். ஐ.எஸ்.ஜி. நோவாசாஃப்ட் என்ற கம்பெனியின் பெண் துணைத் தலைவர் ஒருவர், பாலியல் தொல்லை என்று கூறி 2006ல் ராஜிநாமா செய்தார். மத்தியஸ்த டிரிப்யூனல் 2 கோடி ரூபாய் தரச் சொன்னது. 2014ல் சென்னை ஹைகோர்ட்டின் தனி நீதிபதி மேற்கொண்டு சுமார் 1 கோடியே 60 லட்சம் கூட்டினார். 2019ல் டிவிஷன் பெஞ்ச் அந்தக் கூடுதல் தொகையை 50 ஆயிரமாகக் குறைத்தது. மத்தியஸ்தத் தீர்ப்பைக் கோர்ட் திருத்தலாமா என்ற கேள்விக்கு 2025 ஏப்ரல் 30ந் தேதிதான் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சட்ட பெஞ்ச் விடை கூறியது: வரம்புக்குட்பட்டுத் திருத்தலாம் என்று. ராஜிநாமாவுக்கும் அந்த விடைக்கும் இடையே ஓடியவை பத்தொன்பது ஆண்டுகள்!

இவ்வளவுக்கும் பிறகு கைக்கு வரும் பணத்தில் வருமான வரி எவ்வளவு? இங்கேதான் சட்டம் மௌனம் சாதிக்கிறது. வேலை முடிவதை ஒட்டி முதலாளி தரும் ஈட்டுத்தொகையை "சம்பளத்துக்குப் பதிலான ஆதாயம்" என்று கருதி வரி விதிக்கிறது 1961ம் ஆண்டுச் சட்டத்தின் 17(3) பிரிவு. 2025ம் ஆண்டின் புதிய சட்டமும் இக்கருத்தைக் கைவிடவில்லை. ஆனால் உடலும் மனமும் பட்ட காயத்துக்குத் தரும் ஈடு சம்பாத்தியம் அல்லவே! போனதற்கு ஈடாக வருவது மூலதன வரவு. சட்டம் குறிப்பாகச் சொன்னாலொழிய அதற்கு வரியில்லை என்பது பழைய கோட்பாடு. அதிலும், குற்றவாளியின் சம்பளத்தில் பிடித்துத் தரும் தொகை முதலாளியின் பணமே அல்ல. அதைப் பெண்ணின் சம்பளக் கணக்கில் சேர்ப்பதில் நியாயமில்லை.

ராஜிநாமாவையும் நஷ்ட ஈட்டையும் ஒரே காகிதத்தில் ஒரே தொகையாக எழுதினால், முழுவதையும் சம்பளமாகக் கருதி வரி பிடித்துவிட இடமுண்டு. ஆகவே சம்பள பாக்கி எவ்வளவு, வைத்தியச் செலவு எவ்வளவு, வேதனைக்கு எவ்வளவு என்று தனித்தனியே குறிக்க வேண்டும். இது வரி ஏய்க்கும் தந்திரமல்ல. உள்ளதை உள்ளபடி எழுதுவதே. சம்பள பாக்கிக்கு வரி உண்டு என்பதை எவரும் மறுக்கவில்லை.

அமெரிக்காவில் உடற்காயத்துக்கான ஈட்டுக்குத்தான் விலக்கு. வெறும் மன வேதனைக்கான தொகைக்கு வரி உண்டு. அது நாம் பின்பற்றத்தக்கதல்ல. ஆனால் 2017ல் அங்கே செய்த மற்றொரு திருத்தம் கவனிக்கத்தக்கது. பாலியல் தொல்லை விவகாரத்தில் ரகசியம் காக்கும் நிபந்தனையுடன் பணம் கொடுத்தால், அதை வியாபாரச் செலவாகக் கழித்துக் கொள்ளக் கம்பெனிக்கு அனுமதியில்லை. வாயை மூட வைப்பதற்கு வரிச் சலுகை எதற்கு?

மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால் போதும்: 2013ம் ஆண்டுச் சட்டப்படி வேதனைக்கும் வைத்தியத்துக்கும் கிடைக்கும் தொகை வருமானமல்ல என்று. கஜானாவுக்கு இதனால் பெரும் நஷ்டம் வந்துவிடாது. அவமானப்பட்டவளிடம் அதற்கான ஈட்டிலும் பங்கு கேட்பது சர்க்காருக்கு அழகல்ல.