சிறு மணத்திற்கு ஓர் இடம்

திருமணம் என்றால் மண்டபம். மண்டபம் என்றால் கூட்டம். கூட்டம் என்றால் கடன். நம் நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் கதையை இந்த மூன்று சொற்களில் எழுதி முடித்துவிடலாம். கடன் வேண்டாம், கூட்டம் வேண்டாம், முப்பது பேர் கூடி வாழ்த்தினால் போதும் என்று ஓர் ஆணும் பெண்ணும் முடிவு செய்தால் அவர்களை நாடு பாராட்ட வேண்டாமா? பாராட்டத்தான் செய்கிறது, மேடையிலே! அவர்கள் மணந்துகொள்ள ஒரு மர நிழல் கேட்டால் மட்டும் கோப்பு நகர மறுக்கிறது. நகரப் பூங்காவில் சிறு திருமணம் செய்துகொள்ள எளிய அனுமதி வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

ஜனக்புரியை நம்மில் பலர் அறிவோம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அங்கே இருக்கிறது. பிழைப்புத் தேடி வந்த நம்மவர் குடும்பங்கள் தலைமுறை கண்ட இடம் அது. வளர்ச்சி ஆணையம் திட்டமிட்டு எழுப்பிய குடியிருப்பு ஆகையால் அடுக்கு வீடுகளுக்கு இடையே பூங்காக்களும் உண்டு. வீட்டில் இரண்டு அறை, வெளியில் ஒரு பால்கனி, முற்றம் கிடையாது. முற்றம் இல்லாத வீட்டுக்கு எதிரே இருக்கும் பூங்காவே முற்றம். குழந்தை ஓடுவது அங்கே. முதியவர் வெயில் காய்வது அங்கே. மணம் மட்டும் அங்கே நடக்கக் கூடாதா?

என் ஆய்வுக்கூடத் தோழர் ஒருவர் ஜனக்புரியில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணை மணக்க இருக்கிறார். சாதி பொருந்தவில்லை என்று இரு வீட்டாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். பொருந்தியவை இரு மனங்கள் மட்டுமே. சிறப்புத் திருமணச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டு, அவள் விளையாடி வளர்ந்த பூங்காவில் ஒரு காலை இரண்டு மணி நேரம் கேட்டார்கள். துணைக்கு நானும் சென்றேன். முதல் அலுவலகத்தில், "இந்தப் பூங்கா எங்களுடையது அன்று" என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில் ஒரு படிவம் கிடைத்தது. பந்தலின் பரப்பு எவ்வளவு, ஒலிபெருக்கி எத்தனை, சமையற்காரர் யார் என்றெல்லாம் அதில் கேள்விகள்! "பந்தல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, சமையலும் இல்லை" என்று எழுதினால், "பின் எதற்கு ஐயா விண்ணப்பம்?" என்று எழுத்தர் வியந்தார். மூன்றாவது இடத்தில், "பெண்ணின் தந்தை கையெழுத்து எங்கே?" என்றார்கள். பெண்ணுக்கு வயது 24. மணத்துக்கே வேண்டாத தந்தையின் கையெழுத்து புல்தரைக்கு வேண்டியதாயிற்று. இதை எழுதும் நாள் வரை விடை வரவில்லை.

இவர்கள் கேட்பது சட்டத்துக்குப் புறம்பானதா? இல்லவே இல்லை. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இதில் நம் எழுத்தர்களைவிடத் தாராள மனம் கொண்டது. அறிவிப்புக்குப் பின் 30 நாள் காத்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்த 3 மாதத்துக்குள் மணம் முடிய வேண்டும். பதிவு அலுவலர் முன்னிலையில், 3 சாட்சிகளோடு, இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அலுவலகத்தில்தான் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. நியாயமான தொலைவில் மணமக்கள் விரும்பும் வேறிடத்திலும் நடத்தலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அவ்வளவே. சட்டத்துக்கு மூன்று சாட்சிகள் போதும். மண்டபத்துக்கோ முந்நூறு இலை வேண்டும்! மூன்று மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்க, கோப்பு உறங்கினால் இழப்பு யாருக்கு?

எளிய மணத்துக்காகப் போராடி வென்ற மரபு நம்முடையது. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே மணம் செல்லும் என்று ஆக்கியது. 2023இல் உச்ச நீதிமன்றம், அத்தகைய மணத்தை ஊரறிய விழாவாக நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று தெளிவாக்கியது. ஆனால் அத்திருத்தம் தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. தில்லியில் வாழும் தமிழருக்கு உதவாது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், அகநானூற்றின் 86ஆம் பாடல் காட்டும் மணத்தில் புதுமணல் பரப்பிய பந்தல் உண்டு, விளக்கு உண்டு, உழுந்து சேர்த்த சோறு உண்டு, மக்களைப் பெற்ற மகளிர் நால்வரின் வாழ்த்து உண்டு. குளிரூட்டிய மண்டபம் இல்லை. மணல் பரப்ப ஒரு முற்றம் இருந்தது, அதுவே போதுமாயிருந்தது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பூங்காவைத் திருமணத்துக்கு விட்டதனால் வந்த கேட்டைத் தில்லி நன்கு அறியும். வண்டிகள் புல்லின்மேல் ஏறின. கம்பங்கள் வேரைத் துளைத்தன. எச்சில் தட்டும் எண்ணெயும் மண்ணில் கொட்டின. விடிய விடியப் பாட்டு முழங்கியது. குடியிருப்போர் நீதிமன்றத்தையும் பசுமைத் தீர்ப்பாயத்தையும் நாடினார்கள். நாடியது சரியே. அதனால்தான் 2007இல் வெளியான தில்லி முதன்மைத் திட்டம், திருமணம் போன்ற விழாக்களுக்கென்று பன்னோக்கு மைதானம் என ஒரு தனிவகையையே வகுத்தது. ஆயிரம் பேர் கூடும் மணம் அங்கே நடக்கட்டும். ஆனால் முப்பது பேருக்கும் அதே மைதானம், அதே முழுநாள் வாடகை, அதே வைப்புத்தொகை என்பது எறும்புக்கு யானையின் அங்குசத்தை எடுப்பது போன்றது.

அறிவியல் மாணவனாக ஒன்று சொல்வேன்: தடை விதிப்பதற்கு முன் அளக்க வேண்டும். மண்ணைக் கெடுப்பது மணம் அன்று, எடை. பாரவண்டி ஏறினால் மண்துகள்களின் இடைவெளி நசுங்குகிறது. காற்றும் நீரும் வேருக்குச் செல்வது குறைகிறது. முப்பது பேர் இரண்டு மணி நேரம் நிற்பது, நாள்தோறும் காலையில் அங்கே உடற்பயிற்சி செய்யும் கூட்டத்தைவிட எந்த வகையில் பாரம்?

ஒலியையும் அளப்போம். இங்கே நம்மவர்க்குக் கொஞ்சம் கசப்பான செய்தி இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. நாதசுரமும் தவிலும் சேர்ந்து 1 மீட்டரில் 95 டெசிபல் எழுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அப்படியானால் 32 மீட்டருக்கு அப்பால் உள்ள பால்கனியில் 65 டெசிபல் கேட்கும். அப்போதும் வரம்புக்கு 10 கூடுதல்! ஆகவே பூங்கா மணத்தில் மேளம் வேண்டாம். உரிமை கேட்பவன் முதலில் தன் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். வாழ்த்து வாயால் சொல்லப்படட்டும். அது 55க்குள் அடங்கும்.

என் யோசனை இதுதான். "சிறு மண அனுமதி" என்று ஒன்று ஏற்படுத்துங்கள். ஐம்பது பேருக்கு மேல் கூடாது. பகலில் இரண்டு மணி நேரம் மட்டும். பந்தல், ஒலிபெருக்கி, சமையல், வாணம் எதுவும் கூடாது. கொண்டுவந்த குப்பையைக் கொண்டுபோக வேண்டும். பூங்காவின் ஒரு மூலை மட்டும். மற்ற மக்களின் நடமாட்டத்துக்குத் தடை கூடாது. ஒரே பூங்காவுக்கு மாதத்தில் இத்தனை மணம் என்று எல்லை வகுக்கலாம். ஒரு பக்கப் படிவம், சிறு கட்டணம், ஏழு நாளில் விடை. கையெழுத்து மணமக்களுடையது, தந்தையுடையது அன்று.

"ஒட்டகத்துக்குத் தலை நுழைக்க இடம் கொடுத்த கதையாகிவிடும்" என்பார்கள். ஆகாது; எல்லை கடந்தவரின் வைப்புத்தொகையைப் பறிமுதல் செய்யுங்கள். அளவுக்கேற்ற விதி என்பது புதுமையும் அன்று. நியூயார்க் நகரப் பூங்காக்களில் 20 பேருக்கு மேல் கூடும் மணத்துக்கு அனுமதி பெற வேண்டும். அதற்குக் குறைந்த கூட்டத்துக்குப் பொதுவாக அனுமதியே தேவையில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? 2020இல் பெருந்தொற்று வந்தபோது நம் அரசே திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று ஆணையிட்டது. அந்த மணங்கள் எவையேனும் தாழ்ந்தனவா? கட்டாயத்தால் சிறுத்த மணத்தை ஏற்ற நாடு, விருப்பத்தால் சிறுத்த மணத்தை ஏற்க மறுப்பதேன்?

நண்பர்களே, இது இருவரின் சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். பெருமண்டபம் பிடிக்கப் பணமும் சுற்றமும் வேண்டும். சுற்றம் கைவிட்டவர்க்கும் பணம் சேராதவர்க்கும் நகரம் தருவது அலுவலக அறையின் ஒரு மேசை மட்டுமே. நம்மில் எத்தனை பேர் நாளை அந்த மேசை முன் நிற்கப் போகிறோமோ? எனவே நம் சங்கம் மேற்சொன்ன யோசனையை ஒரு விண்ணப்பமாக எழுதி, கையெழுத்துத் திரட்டி, பூங்காக்களைக் காக்கும் இரண்டு நிறுவனங்களுக்கும், அதாவது மாநகராட்சிக்கும் வளர்ச்சி ஆணையத்துக்கும், அனுப்ப வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கத்தாரையும் நேரில் கண்டு பேச வேண்டும். அவர்கள் அஞ்சுவது இரைச்சலையும் குப்பையையும்தான், அன்பை அன்று.

மகளுக்கு மணம் முடித்து மகிழ்ந்த ஜனகனின் பெயரைச் சுமக்கும் ஊர் அது. தந்தை உடன் வராத ஒரு பெண்ணுக்கு அந்த ஊர் ஒரு மர நிழலையாவது தரட்டும்.