இரண்டு குவளைகளும் ஒரு நிழலும்

இந்த ஆண்டு ஏப்ரல் 14க்கு வழக்கமான பேனர் வேண்டாம் என்று எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்து மாணவர்கள் சொன்னார்கள். நீலப் பின்னணி, நடுவில் அண்ணலின் முகம், சுற்றிலும் வட்ட வட்டமாக நம் முகங்கள். "நாம யாருன்னு ஊருக்குத் தெரியும். நமக்கு என்ன நடக்குதுன்னு போடுவோம்" என்றாள் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி.

போடலாம். ஆனால் எதைப் படம் எடுப்பது? வன்கொடுமை நடந்தால் எரிந்த வீட்டைப் படம் எடுக்கலாம். அன்றாடத் தீண்டாமைக்குப் புகைப்படம் கிடையாது. முன்பு டீக்கடையில் நமக்கென்று தனிக் குவளை ஆணியில் தொங்கியது. இன்று அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குக் காகிதக் கப். படம் எடுத்தால் ஒரு கடையும் ஒரு காகிதக் கப்பும்தான் தெரியும். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்துவிட்டதாகச் சொன்ன ஒன்று, கேமராவுக்கு முன்னால் நிற்காமல் நழுவக் கற்றுக்கொண்டிருக்கிறது. பிறகு நம்மிடமே கேட்கிறார்கள்: "ஆதாரம் எங்கே?"

அப்போதுதான் மீயதார்த்தப் படம் என்ற யோசனை வந்தது. உண்மையான புகைப்படங்களை வெட்டி ஒட்டி, உலகில் இல்லாத ஒரு காட்சியை உருவாக்குவது. மாணவர்கள் முடிவு செய்த காட்சி இது: நம் ஊர் வயலுக்கு நடுவே நான்கு தூண்கள் மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டி. ஆனால் தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு டீ கிளாஸ். பக்கத்தில் இன்னொரு நான்கு தூண், இன்னொரு கிளாஸ். ஒன்றிலிருந்து ஊருக்குக் குழாய் போகிறது. மற்றதிலிருந்து சேரிக்கு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது தெரியவந்தபோது இவர்கள் பள்ளிச் சிறுவர்கள். இன்று தண்ணீர்த் தொட்டி என்றால் இவர்களுக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

இது புதிய வித்தை இல்லை, தோழர்களே. அண்ணல் பிறந்த அதே 1891இல் பிறந்தவர் ஜெர்மனியின் ஜான் ஹார்ட்ஃபீல்ட். கத்தரிக்கோலும் பசையும்தான் அவருடைய கருவிகள். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பிராகுக்குத் தப்பிப் போனார். அங்கிருந்து 1935இல் ஒரு படம் வெளியிட்டார். ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரும்பைத் தின்கிறது. ஒருவர் சைக்கிள் பாகத்தைக் கடிக்கிறார், குழந்தை கோடரியைச் சப்புகிறது. வெண்ணெய் மக்களைக் கொழுக்க வைக்கும், இரும்புதான் நாட்டை வலுவாக்கும் என்று நாஜி அமைச்சர் கோரிங் பேசியதற்கான பதில் அது. அப்படி ஒரு சாப்பாடு நடக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சின் பொருள் அதுதான் என்பதும் புரிந்தது.

எங்களிடம் இருந்தது இரண்டு செல்பேசிகள், ஒரு பழைய கணினி, காசு கொடுக்காமல் கிடைக்கும் கிம்ப் மென்பொருள். முதல் முயற்சி கேலிக்கூத்தாக இருந்தது. தொட்டியை உச்சி வெயிலில், கீழிருந்து அண்ணாந்து எடுத்திருந்தோம். கிளாஸை மாலையில், மேசை மேல் வைத்து, மேலிருந்து எடுத்திருந்தோம். எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் ஒட்டவில்லை. மறுநாள் கிளாஸை ஒரு மதில் மேல் வைத்து, அதே நேரத்தில், அதே திசையில், கீழிருந்து எடுத்தோம். பாதி வேலை அங்கேயே முடிந்தது. பின்னணி ஒரு லேயர், தூண்கள் ஒன்று, கிளாஸ் ஒன்று, நிழல் தனியாக ஒன்று. தேவையில்லாததை அழிக்காமல் மாஸ்க் போட்டு மறைத்தோம். தவறு நேர்ந்தால் திரும்ப வரலாம். நிழலை மல்டிப்ளை முறையில் வைத்தபோதுதான் கிளாஸ் வயலில் நின்றது.

நடுவில் ஒரு சண்டையும் வந்தது. வன்கொடுமைக்குப் பலியான ஒரு பெண் குழந்தையின் முகத்தை இணையத்திலிருந்து எடுத்து, கிளாசுக்குள் மிதப்பதுபோல ஒரு மாணவர் வைத்திருந்தார். பார்த்தவுடன் தொண்டை அடைத்தது. எடுக்கச் சொன்னோம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவும் தடுக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்லியிருப்போம். அந்தத் தாய் இந்தப் பேனரைக் கடந்து சந்தைக்குப் போக நேர்ந்தால்? நம் குழந்தைகளின் பிணங்களைக் காட்டித்தான் நமக்கு நீதி கேட்க வேண்டும் என்ற பழக்கத்தை நாமாவது விட வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் மாணவர்களே கேட்டார்கள்: "மார்பிங் பண்ணி நம்ம பொண்ணுங்களை மிரட்டுறாங்க. பொய்ப் படம் போட்டு ஊர் ஊருக்குக் கலவரம் மூட்டுறாங்க. நாமளும் அதே மென்பொருளில் அதே வேலையத்தானே செய்யிறோம்?" இல்லை என்பது எங்கள் கருத்து. அவர்களுடைய படம் தன்னை உண்மை என்று நம்பச் சொல்கிறது. நம்முடைய படம் 'நான் ஜோடிக்கப்பட்டவன்' என்று முதல் பார்வையிலேயே சொல்லிவிடுகிறது. பத்தாள் உயர டீ கிளாஸை யாரும் நிஜம் என்று நம்பப் போவதில்லை. இந்தக் கோட்டைத் தாண்டி, நடக்காத தாக்குதலை நடந்ததுபோல ஒரே ஒரு படம் நாம் செய்துவிட்டால் போதும். அடுத்து வரும் நூறு உண்மைப் படங்களையும் 'இதுவும் போட்டோஷாப்' என்று தள்ளிவிடுவார்கள்.

அதனால் கலை வேறு, சாட்சியம் வேறு. வன்கொடுமை நடந்த இடத்தில் எடுத்த படத்தில் கைவைக்காதீர்கள். வெளிச்சம்கூடக் கூட்டாதீர்கள். அசல் கோப்பை அப்படியே இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரம், இடம் பற்றிய விவரங்களும் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் இதில் இருக்கலாம்.

பேனரை எங்கள் தெரு முனையில் கட்டினோம். எந்தக் கடையின் பெயரும் அதில் இல்லை. அன்று மாலையே ஒரு டீக்கடைக்காரர் வந்து, "எங்க கடையில அப்படியெல்லாம் கிடையாதே, யாரு சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. எங்கள் தெரு ஆயா ஒருவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்த மாணவியிடம் கேட்டார்: "இதுல நம்ம கிளாசு எதுடி?"

"ரெண்டும் ஒரே கிளாஸ்தான் ஆயா. ஒண்ணத்தான் படம் புடிச்சோம். அதையே ரெண்டா வச்சோம்."

"அப்ப எதுக்குடி ரெண்டா வச்சிருக்கானுங்க?"

மூன்றாம் நாள், பிரச்சினை வரும், கழற்றிவிடுங்கள் என்று சொல்ல ஆட்கள் வந்தார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகள் மேல் வழக்கு விழக்கூடாது என்று கழற்றினோம். அது சரியா, நின்றிருக்க வேண்டுமா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. துணி சுருட்டி மையத்து அலமாரி மேல் இருக்கிறது. கோப்பு லேயர்களோடு கணினியில் இருக்கிறது. ஆயாவின் கேள்விக்கு ஊர் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியையே எழுத்தாக வைத்து அடுத்த படத்தைத் தொடங்கியிருக்கிறார்கள் மாணவர்கள். உங்கள் ஊரில் கேமராவுக்குச் சிக்காதது எது என்று நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள்.

ஜெய் பீம்.