ஏலக்காய்க்கு ஒரு நியாயம், எங்க அம்மாவுக்கு ஒரு நியாயமா?



நம்ம போடியில் மார்கழி மாதத்திலும் மத்தியானம் ஃபேன் போடுகிறோம். ஆனால் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டில் இறங்கினால் பல் தந்தி அடிக்கும். அங்கே ஏலத்தோட்டங்களில் நம் பள்ளிப் பிள்ளைகள் பலருடைய அம்மாக்கள் வேலை பார்க்கிறார்கள். சிலர் காலையில் ஜீப்பில் போய் சாயங்காலம் திரும்பி விடுவார்கள். சிலர் பழம் எடுக்கும் காலத்தில் லயன் வீட்டிலேயே தங்குவார்கள். எங்க அம்மாவும் அத்தையும் தங்குகிறவர்கள்.

போன அரையாண்டு லீவுக்கு நானும் அங்கே போயிருந்தேன். ராத்திரி தாங்க முடியாத குளிர். அம்மா ஒரு சட்டியில் அடுப்புக் கரியை அள்ளி வந்து ரூமுக்குள் வைத்தார். காற்று வரக்கூடாதுன்னு ஜன்னலில் சாக்கை அடைத்து, கதவையும் சாத்திவிட்டோம். கதகதன்னு நன்றாகத்தான் இருந்தது. நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த அத்தை பொத்தென்று விழுந்தார். சத்தம் கேட்டு எழுந்தால் எனக்குத் தலை சுற்றுகிறது, கால் நிற்கவில்லை. அம்மா எப்படியோ ஊர்ந்து போய்க் கதவைத் திறந்தார். அதனால்தான் இன்று இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எங்க தாத்தா அதே தோட்டத்து ஏலக்காய் ஸ்டோரில் ராத்திரி அடுப்பு பார்க்கிறவர். ஓடி வந்தவர் அத்தை கண் திறந்த பிறகு ஒன்று சொன்னார்: "காயைக் காய வைக்கிறதுக்கே அடுப்பை வெளியில வச்சிருக்கோம். மனுசங்க நீங்க நெருப்பை உள்ள வச்சுக்கிட்டுப் படுக்குறீங்களே!"

மறுநாள் அவரோடு போய் ஸ்டோரைப் பார்த்தேன். உண்மைதான், உள்ளே நெருப்பே கிடையாது. அடுப்பு வாய் சுவருக்கு வெளியே இருக்கிறது. விறகை அங்கே தள்ளுகிறார்கள். சூடான புகை தகரக் குழாய் வழியாக அறைக்குள் தரையோரமாகச் சுற்றி வந்து, புகைபோக்கி வழியே வெளியே போய்விடுகிறது. குழாயின் சூட்டில் அறைக் காற்று சூடாகி மேலே ஏறுகிறது. மேலே தட்டுத் தட்டாகக் காய். ஏறக்குறைய 45 முதல் 50 டிகிரி சூட்டில் ராத்திரி முழுக்கக் காய வேண்டும். சூடு மிஞ்சினால் காய் வெடிக்கும், பச்சை நிறம் போகும். புகை பட்டால் வாசனை கெடும். சுமார் 5 கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும். அதனால் அதற்கு அவ்வளவு கவனம். இப்போது கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் உலர்த்திகளும் வந்துவிட்டன. ஆனாலும் விறகு ஸ்டோர்கள் இன்னும் இருக்கின்றன.

பள்ளி திறந்ததும் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வருமாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

தாத்தா சும்மா இருக்கவில்லை. ஸ்டோரில் கழித்துப் போட்ட பழைய குழாய்களை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினார். லயன் சரிவில்தானே இருக்கிறது? சரிவின் கீழ்ப்பக்கம், சுவருக்கு வெளியே, கல்லும் மண்ணும் வைத்து ஒரு சின்ன அடுப்பு கட்டினார். பழைய இரும்புத் தகட்டில் கதவு, அதில் காற்றுக்கு ஒரு ஓட்டை. குழாய் அறைக்குள் மெல்ல மேடேறி மறுசுவர் வழியாக வெளியே போகிறது. சூடான காற்று லேசானது, மேலே ஏறும் என்று நாம் படித்தோமே, அதுதான் புகையை இழுக்கிறது. புகைபோக்கி கூரையைவிட உயரம். மருந்து டின் ஒன்று கிடந்தது. பூச்சி மருந்து இருந்ததைச் சுடவைத்தால் விஷம் என்று தாத்தா அதைத் தொடவே இல்லை.

இணைப்புகளையெல்லாம் களிமண்ணால் பூசினார். பிறகு பச்சை இலையைப் போட்டு எரித்தார். எங்கே புகை கசிகிறதோ அங்கே மறுபடி பூச்சு. கசிவு நின்ற பிறகுதான் எங்களைப் படுக்க விட்டார். அப்போதும் ஜன்னலை ஒரு சாண் திறந்தே வைக்கணும், குழாய் மேல் துணி காயப்போடக் கூடாது, மாதம் ஒருமுறை குழாயில் கரி தட்டணும் (கரி சேர்ந்தால் அதுவே தீப்பிடிக்கும்) என்று மூன்று கட்டளை. காய்ந்த விறகுதான் போடுகிறோம். ஈர விறகு புகை கக்கும், சூடு தராது.

"அப்போ காட்டை வெட்டுவீங்களா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. காட்டு மரம் வேண்டாம். தோட்டத்தில் மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் கிளை கழிக்கிறார்கள். அதைக் காயவைத்தால் போதும். ஒரு சின்ன ரூமுக்கு ஸ்டோர் அளவு விறகு தேவையில்லை. படுக்கும் முன் இரண்டு மணி நேரம் எரித்தாலே சுவரும் கல்லும் சூட்டைப் பிடித்துக்கொள்கின்றன.

ஆனால் தாத்தா கட்டியது ஒரு ரூமுக்குத்தான். அந்த லயனில் இன்னும் ஒன்பது ரூம் இருக்கிறது. அங்கே இன்றும் கரிச்சட்டிதான். எல்லா ரூமுக்கும் கட்டித் தரச் சொல்லிக் கேட்டதற்கு "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. தோட்டத்தில் தங்கும் தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வீடு என்றால் நாலு சுவர் மட்டும்தானா? காய்க்குப் புகை படக்கூடாதென்று தெரிந்தவர்களுக்கு, காய் பறிக்கிறவர்களுக்கும் படக்கூடாதென்று தெரியாதா?

தோழர்களே, உங்கள் அம்மா அப்பா மலையில் தங்கினால் இன்றே சொல்லுங்கள்: கரிச்சட்டியை ரூமுக்குள் வைக்காதீங்க. தாத்தாவின் அடுப்பைப் படமாக வரைந்து கீழே ஒட்டியிருக்கிறேன். வேண்டியவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளலாம். பெரியவர்கள் யாராவது அதைத் தோட்டத்துக்காரர்களிடம் காட்டினால் ரொம்ப சந்தோஷப்படுவேன்.

இது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த இதழில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி